நாற்று நட்டது நம்ம கை, பணம் வருவது யார் பேரில்?



கார் ஆனாலும் பிசானம் ஆனாலும் தாமிரபரணிக் கரையில் வயல் வேலை பெண்கள் கையில்தான் நடக்கிறது. நாற்று பறிக்கிறதும், நடுகிறதும், களை எடுக்கிறதும் நாம். கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் என்று எந்தப் பக்கம் போய்ப் பார்த்தாலும் வயலில் குனிந்து நிற்பது பெண்கள்தான். ஆனால் "விவசாயிக்கு அரசு கொடுக்கிற பணம் வந்துச்சா?" என்று குழுக் கூட்டத்தில் கேட்டால், "அது எங்க வீட்டுக்காரக பேர்ல வரும்", "மாமனார் பேர்ல பட்டா இருக்கு", "ரெண்டு தவணை வந்துச்சு, அப்புறம் நின்னு போச்சு" என்றுதான் பதில் வருகிறது.

இதற்குக் காரணம் ஒன்றுதான். இந்தப் பணம் உழைக்கிற கையைப் பார்த்து வருவதில்லை, பட்டாவில் இருக்கிற பேரைப் பார்த்து வருகிறது. அதனால் இந்த இதழில் பி.எம். கிசான் என்கிற பிரதமரின் விவசாயிகள் உதவித்தொகைத் திட்டம் பற்றியும், அதில் நம்ம பேர் எங்கே நிற்கிறது என்பது பற்றியும் விளக்கமாகப் பார்ப்போம்.

இது என்ன பணம்?

வருஷத்துக்கு 6,000 ரூபாய். நாலு மாசத்துக்கு ஒரு முறை 2,000 ரூபாயாக மூன்று தவணையில் நேராக வங்கிக் கணக்கில் விழும். மத்திய அரசு இதை 2019 பிப்ரவரி 24-ஆம் தேதி தொடங்கியது. முதலில் 2 ஹெக்டேர், அதாவது சுமார் 5 ஏக்கர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. அதே வருஷம் ஜூன் மாதத்திலிருந்து நில அளவு வரம்பை எடுத்துவிட்டார்கள். அரை ஏக்கர் வைத்திருந்தாலும் 50 ஏக்கர் வைத்திருந்தாலும் அதே 6,000 தான். 2025 நவம்பர் 19 அன்று 21-வது தவணையை விட்டார்கள். அந்த விழா நம்ம தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில்தான் நடந்தது.

"6,000 ரூபாய் பெரிய காசா?" என்று சிலர் கேட்கலாம். நம்ம குழுவில் மாசம் 100 ரூபாய் சேமித்தால் 6,000 சேர 5 வருஷம் ஆகும். அப்படிப் பார்த்தால் ஒரு வருஷத்துப் பணத்தை விடுவது 5 வருஷ சேமிப்பை விடுவது மாதிரி.

யாருக்கு உண்டு? யாருக்கு இல்லை?

சாகுபடி நிலம் சொந்தப் பேரில் இருக்கிற விவசாயக் குடும்பத்துக்கு உண்டு. இதில் குடும்பம் என்பது கணவன், மனைவி, 18 வயது ஆகாத பிள்ளைகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பணம்தான். கணவர் பேரில் ஒரு ஏக்கர், மனைவி பேரில் ஒரு ஏக்கர் என்று தனித்தனிப் பட்டா இருந்தாலும் இரண்டு பேரும் வாங்க முடியாது. இப்படி இரண்டு பேரும் வாங்குகிற குடும்பங்களைக் கண்டுபிடித்துப் பணத்தை நிறுத்தி விசாரிக்கிறார்கள்.

கீழே சொல்கிறவர்களுக்கு இல்லை:

- கோயில், மடம், அறக்கட்டளை, கம்பெனி பேரில் உள்ள நிலங்களுக்கு
- வேலையில் இருக்கிற, ஓய்வு பெற்ற அரசு ஊழியர்களுக்கு (கடைநிலை ஊழியர்களுக்கு விலக்கு உண்டு)
- மாசம் 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு (இதிலும் கடைநிலை ஊழியர்களுக்கு விலக்கு உண்டு)
- கடந்த வருஷம் வருமான வரி கட்டியவர்களுக்கு
- தொழில் நடத்துகிற டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆடிட்டர் போன்றவர்களுக்கு
- எம்.எல்.ஏ., எம்.பி., அமைச்சர் பதவியில் இருப்பவர்கள், இருந்தவர்களுக்கு

குடும்பத்தில் ஒருவர் இதில் வந்தாலும் அந்தக் குடும்பத்துக்குப் பணம் கிடையாது.

இன்னொரு முக்கியமான நிபந்தனை. 2019 பிப்ரவரி 1-ஆம் தேதிக்கு முன்னால் நிலம் யார் பேரில் இருந்தது என்று பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு விலைக்கு வாங்கினாலும், குடும்பத்துக்குள் எழுதி வாங்கினாலும் இந்தப் பணம் கிடைக்காது. நிலத்துக்காரர் இறந்து வாரிசுக்கு வந்தால் மட்டும் உண்டு. ஆகவே "பணம் வரும், உன் பேருக்கு மாத்திக்கோ" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பட்டாவில் நம்ம பேர் வர வேண்டியதற்கு வேறு பெரிய காரணங்கள் இருக்கின்றன. அதைப் பின்னால் சொல்கிறோம்.

வந்த பணம் ஏன் நிற்கிறது?

பணம் நின்று போனால் பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

முதலாவது, ஈ.கே.ஒய்.சி. முடிக்காமல் இருப்பது. 'இந்த ஆள் இவர்தான், உயிரோடு இருக்கிறார்' என்று ஆதார் மூலம் உறுதி செய்வதுதான் இது. 2022 முதல் இதைக் கட்டாயம் ஆக்கிவிட்டார்கள். ஆதாரோடு சேர்த்த செல்போன் கையில் இருந்தால் அதில் வருகிற எண்ணை வைத்து முடிக்கலாம். இல்லையென்றால் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்து முடிக்கலாம். உழைத்து உழைத்து ரேகை தேய்ந்துபோய் மெஷின் எடுக்காதவர்களுக்கு முகத்தைக் காட்டி முடிக்கிற வசதி 2023-ல் வந்தது.

இரண்டாவது, வங்கிக் கணக்கு. நாம் கொடுத்த பாஸ்புக்கில்தான் பணம் விழும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. நேரடிப் பணம் பெறுவதற்காக ஆதாரை எந்தக் கணக்கில் கடைசியாக இணைத்திருக்கிறோமோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். நூறு நாள் வேலைக்கு ஒரு கணக்கு, குழுக் கடனுக்கு ஒரு கணக்கு, தபால் ஆபீஸில் ஒரு கணக்கு என்று மூன்று பாஸ்புக் வைத்திருக்கிற சகோதரிகள் மூன்றையும் வரவு போட்டுப் பார்க்க வேண்டும். 'வரவே இல்லை' என்ற பணம் சில நேரம் பெட்டிக்குள் மறந்து கிடக்கிற பாஸ்புக்கில் இருக்கும்.

மூன்றாவது, நில விவரம் சேராமல் இருப்பது. பட்டா எண், சர்வே எண் திட்டத்தின் கணினியில் சேர்ந்திருக்க வேண்டும். ஆதாரில் ஒரு பேர், பட்டாவில் ஒரு பேர் என்று இருந்தால் இடிக்கும். பட்டாவில் 'பேச்சியம்மாள்', ஆதாரில் 'பேச்சி' என்று இருந்தாலே தகராறு வரலாம்.

நாலாவது, விவசாயி அடையாள எண். 2025-ல் வேளாண்மைத் துறை ஊர் ஊராக முகாம் போட்டு, நில விவரத்தையும் ஆதாரையும் சேர்த்து ஒவ்வொரு விவசாயிக்கும் தனி எண் கொடுக்க ஆரம்பித்தது. இனிமேல் எந்தத் திட்டத்துக்குப் போனாலும் இந்த எண்ணைத்தான் கேட்பார்கள். முகாமைத் தவற விட்டவர்கள் பட்டா, ஆதார், ஆதாரோடு சேர்த்த செல்போன் மூன்றையும் எடுத்துக்கொண்டு பொதுச் சேவை மையத்திலோ உதவி வேளாண்மை அலுவலரிடமோ கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கணவர் இறந்த பிறகு

நம்ம உறுப்பினர்களில் அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான். கணவர் இறந்து நாலு வருஷம், ஆறு வருஷம் ஆகியும் பட்டா அவர் பேரிலேயே கிடக்கும். நிலத்தை உழுகிறது மனைவி. ஆனால் அரசுக் கணக்கில் அவர் விவசாயியே இல்லை. கிசான் பணம் நின்றிருக்கும், பயிர்க் கடன் கிடைக்காது, சொட்டுநீர் மானியம் கேட்டால் 'பட்டாவைக் கொண்டா' என்பார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இறந்தவர் பேரில் தொடர்ந்து வருகிற தவணையை எடுத்துச் செலவு செய்யக்கூடாது. அதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். இறந்ததை வேளாண்மை விரிவாக்க மையத்தில் தெரிவித்துவிட்டு, வாரிசு முறையில் நம்ம பேரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 2019 தேதி நிபந்தனை வாரிசுகளுக்குத் தடை இல்லை என்பதை மேலேயே சொல்லியிருக்கிறோம்.

செய்ய வேண்டியது வரிசையாக:

1. இறப்புச் சான்றிதழ் வாங்குங்கள்.
2. இ-சேவை மையம் மூலம் தாசில்தாருக்கு விண்ணப்பித்து வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள்.
3. இந்த இரண்டையும் மூலப் பத்திரத்தையும் வைத்துப் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பம் கொடுங்கள். எல்லா வாரிசுகள் பேரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டாவாக வாங்கலாம். பாகம் பிரித்துப் பத்திரம் போட்டிருந்தால் உட்பிரிவு செய்ய சர்வேயர் வந்து அளப்பார்.
4. புதுப் பட்டா கைக்கு வந்ததும் விவசாயி அடையாள எண், அதற்குப் பிறகு கிசான் விண்ணப்பம்.

விண்ணப்பம் கொடுக்கும்போது ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். இழுத்தடித்தால் வருஷத்துக்கு ஒரு முறை தாலுகா ஆபீஸில் நடக்கிற ஜமாபந்தியிலும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கிற குறைதீர் நாளிலும் அந்தச் சீட்டை இணைத்து மனு கொடுக்கலாம்.

குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிர் வைக்கிறவர்கள்

நம்ம பள்ளத்தாக்கில் கோயில் நிலமும் மடத்து நிலமும் நிறைய. அவற்றைக் குத்தகைக்கு எடுத்துத் தலைமுறையாகப் பயிர் வைக்கிற குடும்பங்களும் நிறைய. வெளியூரில் இருக்கிற நிலத்துக்காரரிடம் வாரத்துக்கு எடுத்து உழுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்குக் கிசான் பணம் கிடையாது. நிலம் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் திட்டத்தின் அடிப்படை. உழுகிறவர் வெயிலில் நிற்க, ஊரை விட்டுப் போன நிலத்துக்காரர் கணக்கில் பணம் விழுவதும் நடக்கிறது.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. தெலங்கானாவில் 2018-ல் தொடங்கிய ரைத்து பந்து திட்டத்தில் ஏக்கர் கணக்குப் போட்டுப் பணம் கொடுத்தார்கள். அதிலும் நிலத்துக்காரருக்குத்தான், குத்தகைக்காரருக்கு இல்லை. ஒடிசா அரசு 2018 கடைசியில் அறிவித்த காலியா திட்டத்தில் நிலம் இல்லாத கூலிக் குடும்பங்களையும் வாரம் உழுகிறவர்களையும் சேர்த்தார்கள். ஆகவே மனசு வைத்தால் சேர்க்க முடியும். நம்ம கூட்டமைப்புகள் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

அதுவரை குத்தகைதாரர்களுக்கு இருக்கிற வழிகளை விட்டுவிடக் கூடாது. ஒன்று, பயிர்க் காப்பீடு. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைக்காரரும் வாரதாரரும் சேரலாம். விவசாயி கட்ட வேண்டிய பங்கு காப்பீட்டுத் தொகையில் காரீப் பருவப் பயிருக்கு 2 சதம், ராபி பருவப் பயிருக்கு ஒன்றரை சதம், வாழை மாதிரியான தோட்டப் பயிருக்கு 5 சதம். வி.ஏ.ஓ. தருகிற அடங்கல் வேண்டும். கடைசித் தேதியை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடங்கலில் 'யார் பயிர் வைத்திருக்கிறார், என்ன பயிர்' என்று எழுதியிருக்கும். அதில் நம்ம பேர் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையையும் வெள்ளத்தையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். நெல்லும் வாழையும் தண்ணீரிலும் மண்ணிலும் போனது. அப்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. ஏக்கருக்குப் பார்த்தால் ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கணக்கெடுக்க வந்தவர்கள் புத்தகத்தில் யார் பேரைப் பார்த்தார்களோ அந்தப் பேருக்குத்தான் பணம் வரும்.

இரண்டு, குத்தகைப் பதிவு. 1969-ஆம் வருஷச் சட்டப்படி குத்தகை உரிமையைத் தாசில்தாரிடம் பதிவு செய்யலாம். கோயில் நிலமாக இருந்தால் குத்தகை கட்டின ரசீதுகளை ஒன்று விடாமல் பத்திரமாக வைத்திருங்கள். அந்த ரசீது கணவர் பேரிலேயே இருந்தால், அவர் இருக்கும்போதே உங்கள் பேரையும் சேர்க்க முடியுமா என்று நிர்வாகத்தில் கேளுங்கள்.

ஆதாரைக் கொடுக்கும் முன் யோசிங்கள்

2020-ல் நடந்ததை எல்லாச் சகோதரிகளும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வருஷம் கொரோனா நேரத்தில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட 13 மாவட்டங்களில் கிசான் திட்டத்தில் பெரிய மோசடி நடந்தது தெரிய வந்தது. விவசாயி தானே பதிவு செய்துகொள்ளலாம் என்று இணையதளத்தில் வசதி கொடுத்திருந்தார்கள். அதிகாரிகளின் ரகசியக் குறியீட்டைத் தவறாகப் பயன்படுத்தி, தகுதி இல்லாத சுமார் ஐந்தரை லட்சம் பேரை உள்ளே சேர்த்துவிட்டார்கள். சுமார் 110 கோடி ரூபாய் போனது. சி.பி.சி.ஐ.டி. போலீஸ் விசாரித்துப் பலரைக் கைது செய்தது. ஒப்பந்த ஊழியர்கள் பலர் வேலையை இழந்தார்கள்.

இதில் மாட்டிக்கொண்டவர்களில் நிலமே இல்லாத ஏழைகள் பலர் உண்டு. 'கொரோனா பணம் வருது, ஆதாரும் பாஸ்புக்கும் கொடு' என்று இடைத்தரகர்கள் வாங்கிப் பதிந்தார்கள். வந்த பணத்தில் கமிஷனும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் அரசு கணக்கை முடக்கிப் பணத்தைத் திரும்ப எடுத்தபோது, தரகன் கமிஷனோடு போய்விட்டான், பதில் சொல்ல நின்றது ஏழைதான்.

ஆகவே என்ன திட்டம், யார் கேட்கிறார்கள், எதற்கு என்று தெரியாமல் ஆதார் நகலையும் செல்போனில் வருகிற எண்ணையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். கிசான் பணத்துக்குக் கமிஷன் கிடையாது. சந்தேகம் வந்தால் 155261 என்ற கிசான் உதவி எண்ணுக்குப் போன் போடலாம்.

பட்டாவில் நம்ம பேர்

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாடு முழுக்க 100 சாகுபடி நிலக் கைப்பற்றுகளில் சுமார் 14 தான் பெண்கள் கையில் இருக்கிறது. வேலையில் பாதிக்கு மேல் நாம், பட்டாவில் ஏழில் ஒருத்தி!

சட்டம் நம்ம பக்கம் இருக்கிறது. இந்துக்களில் கணவர் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய தனிச் சொத்தில் மனைவி, மகன், மகள், அவருடைய தாய் எல்லோருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது. அது அப்போது கல்யாணம் ஆகாத பெண்களுக்கு மட்டும் இருந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுக்கக் கல்யாணம் ஆன மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை வந்தது. 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கிறிஸ்தவர்களில் உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமம். முஸ்லிம் சகோதரிகளுக்கு ஷரியத்படி மனைவிக்கும் மகளுக்கும் பங்கு உண்டு.

சட்டம் இருந்தும் பங்கு கைக்கு வராததற்குக் காரணம் விடுதலைப் பத்திரம்தான். 'சும்மா ஒரு கையெழுத்துப் போடும்மா, அண்ணன்தானே' என்று ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் கூட்டிப் போவார்கள். அண்ணன் தம்பியோடு சண்டை போடச் சொல்லவில்லை. பிறந்த வீட்டு உறவு நமக்கு வேணும். ஆனால் என்ன பத்திரம், எவ்வளவு பங்கை விடுகிறோம் என்று படித்துக் கேட்டுத் தெரிந்த பிறகு போடுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் குழுவில் படித்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நிலம் வாங்குகிறவர்களுக்கும் சலுகை இருக்கிறது. 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரை உள்ள சொத்தைப் பெண் பேரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதம் குறைப்பு என்று தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்தது. நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடிப் பெண் விவசாயத் தொழிலாளர்கள் நிலம் வாங்க, பாதி விலை அல்லது அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் தருகிற நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் தாட்கோ மூலம் கொண்டுவரப்பட்டது. தாட்கோ மாவட்ட மேலாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

குழுக்கள் செய்ய வேண்டியது

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல் முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஊக்குநர் ஒரு நோட்டில் கோடு போட்டு ஒவ்வொரு உறுப்பினருக்கும் இதை எழுதட்டும்:

1. குடும்பம் பயிர் வைக்கிற நிலம் எவ்வளவு? சொந்தமா, குத்தகையா, வாரமா?
2. பட்டா யார் பேரில்? அவர் உயிரோடு இருக்கிறாரா?
3. கிசான் பணம் வருகிறதா? கடைசியாக எப்போது வந்தது?
4. ஈ.கே.ஒய்.சி., விவசாயி அடையாள எண் முடிந்ததா?
5. அடங்கலில் யார் பேர்?

நோட்டை நிரப்பினால் யாருக்கு எங்கே அடைப்பு என்று தெரிந்துவிடும். பட்டா இறந்தவர் பேரில் இருக்கிறவர்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தியாகத் தாலுகா ஆபீஸுக்குப் போனால் 'நாளைக்கு வா' என்பார்கள். பத்துப் பேர் மனுவோடு சேர்ந்து போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள். வங்கியில் கடன் வாங்கப் போனபோது இதை நாம் பார்த்திருக்கிறோம்.

நோட்டில் எழுதியதை ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்குக் கொடுங்கள். குத்தகைக்காரப் பெண்கள் எத்தனை பேர், கைம்பெண்கள் எத்தனை பேர் என்ற கணக்கு கையில் இருந்தால், மாவட்ட விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் நாம் எண்ணிக்கையோடு எழுந்து பேசலாம். அந்தக் கூட்டம் விவசாயிகளுக்கானது. நாமும் விவசாயிகள்தான், சகோதரிகளே. முதலில் அதை நம்ம வாயால் சொல்லிப் பழகுவோம், பிறகு பட்டாவிலும் எழுத வைப்போம்.